நீக்க வேண்டிய வரி

தமாலே நகரில், வங்கிக்கு மேலே, இரண்டாம் மாடி.
வளர்ச்சித் துறைக்குப் போகவிருக்கும்
இருபத்திரண்டு பட்டதாரிகள் நாங்கள்.
ஒன்பது மாதப் பயிற்சி.
இந்த மாத உதவித்தொகை இன்னும் வரவில்லை.
என்ன வேலை அது என்று வீட்டில் கேட்டால்
இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியாது.
அட்டவணை போடத் தெரியும்.

இன்றைய பாடம், தரவைத் துப்புரவாக்குதல்.
மேடம் எசெனம் பழைய கணக்கெடுப்பு ஒன்றைத் தந்தார்.
பதினெட்டு வருடப் பழசு.
பெயர்களை உருவி எடுத்துவிட்டு
எண்களை மட்டும் விட்டிருந்தார்கள்.
"நம்ப முடியாததைத் தேடுங்கள்.
நம்ப முடியாதது பிழை. பிழை வெளியே."
எனக்கு அவரைப் பிடிக்கும். சுற்றி வளைக்க மாட்டார்.

சூத்திரம் ஓடி முடிந்ததும்
நூற்றுச் சொச்சம் வரிகள் சிவந்தன.
கர்ப்பிணி, வயது எழுபது.
மூன்று பேர் வீட்டில் நாற்பது கட்டில்.
கிணறு நானூறு கிலோமீட்டருக்கு அப்பால்.
பக்கத்து நாற்காலி வுன்னம்
சிரித்துச் சிரித்து அழித்தான்.
நானும் சிரித்தேன்.

வரி 312.
பதினொரு பேர். தண்ணீருக்கு நாற்பது நிமிடம்.
கூரை நான்கு புல், ஒன்று தகரம்.
குறிப்பு: சைக்கிள் உண்டு, சக்கரம் ஒன்று.

விரல் நின்றுவிட்டது.
அந்தச் சைக்கிளை எனக்குத் தெரியும்.
மற்றச் சக்கரத்தைத்தான் என் அண்ணன் நாபரி
குச்சியால் தட்டித் தட்டி
ஊரெல்லாம் உருட்டிக்கொண்டு திரிந்தான்.

குழந்தை எண் 4. பெண். ஐம்பத்தெட்டு மாதம்.
உயரம் தொண்ணூற்றாறு.
எடை இருபத்து மூன்றரை.
சிவப்பு.

வேப்பமரக் கிளை, அதில் ஒரு கொக்கி,
கொக்கியில் கடிகார முகம்கொண்ட தராசு,
தராசின் அடியில்
கால் நுழைக்க இரண்டு ஓட்டை வைத்த துணிப்பை.
எனக்கு முன்னால் ஒரு பயல்
தொங்கினான், கத்தினான், இறங்கினான்.
என்னைத் தூக்கி மாட்டியபோது
எங்கிருந்தோ ஓடி வந்த நாபரி
என் இடது காலைப் பிடித்துக்கொண்டான்.
தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று
யாரோ சொல்லியிருந்தார்களாம்.
எட்டு வயது அவனுக்கு.
எழுதுகிறவர் முள்ளைப் பார்த்தார்,
காலைப் பார்க்கவில்லை.
வெயில் வேறு. அவருக்கு அது
அன்றைக்கு எத்தனையாவது வீடோ.

இரண்டு கட்டம் தள்ளி இடப்பக்கத்தில்
குழந்தை எண் 2. ஆண். பள்ளி: இல்லை.
அதில் பிழை எதுவும் இல்லை.
சூத்திரம் அதைத் தாண்டிப் போயிருந்தது.
அது சிவக்கவே இல்லை.

"312 ஏன் இன்னும் இருக்கிறது?"
பின்னால் மேடம் எசெனம்.
"எடை தப்பு மேடம். பத்துக் கிலோ கூடுதல்."
"பத்து என்று எப்படித் தெரியும்?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் திரையையே பார்த்திருந்தார்.
"காரணத்தை எழுது. எழுதிவிட்டு நீக்கு."
சரிதான். என் கையில் இருந்தாலும்
அதையேதான் சொல்லியிருப்பேன்.
காரணக் கட்டத்தில் பதினாறு எழுத்துதான் கொள்ளும்.
'அண்ணன் காலைப் பிடித்திருந்தா'
என்பதோடு நின்றுவிட்டது.

ராத்திரி குமாசிக்குப் போன் போட்டேன்.
கோகோ மூட்டை ஏற்றி முடித்து
லாரியடியில் படுத்திருந்தான் நாபரி.
மரம் ஞாபகம் இருக்கிறதாம், தராசு இல்லையாம்.
"எத்தனை கிலோவுக்கு இழுத்தேன்?"
"பத்து."
"பத்தா? அவ்வளவுதானா?"
அவமானப்பட்டவன்போல் சிரித்தான்.
நாளெல்லாம் அவன் முதுகில் ஏறி இறங்குவதை
நான் கேட்கவில்லை.

பிறகு, உதவித்தொகை வந்ததா என்றான்.
இல்லை என்றேன்.
எவ்வளவு வேண்டும் என்றான்.
ஒரு எண்ணைச் சொன்னேன்,
உண்மையைவிடக் கொஞ்சம் குறைத்து.