இண்டோல்

முதலில் கண்ணோரம் ஒரு சின்னக் கிழிசல்.
பஸ் நிறுத்தப் பலகையில் ம இருக்கிறது, லி இருக்கிறது,
நடுவில் ண இல்லை.
அந்த ஓட்டையின் விளிம்பு
வெல்டிங் பொறிபோல் பல்பல்லாய் மினுங்க ஆரம்பிக்கும்.
இருபது நிமிடம் இருக்கிறது.
அதற்குள் கேட்டில் கார்டு காட்டி, லேபுக்குப் போய்,
டீசல் சாம்பிளை எஸ்தரிடம் ஒப்படைத்து
(பாவம், அவளுக்கே இன்று இரண்டாவது ஷிஃப்ட்)
பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறக்க வேண்டும்.

சுமாட்ரிப்டான். ஐம்பது மில்லிகிராம்.
அட்டையின் ஓரம் முழுக்க சிவப்புக் கோடு.
சீட்டு இல்லாமல் தரமாட்டார்
காலடிப்பேட்டை மெடிக்கல் சாதிக் பாஷா,
எட்டு வருஷமாய் என் முகம் தெரிந்தும்.
"தலைவலிக்கா இவ்ளோ விலை" என்று
ஒவ்வொரு தடவையும் புதுசாய்க் கேட்பார்.

ஸ்டான்லி ஓ.பி.யில் டாக்டர் சொன்னது:
வெளிச்சம் ஆடும்போது போடாதே.
வலி வரட்டும், வந்ததும் போடு.
முற்றவிட்டால் வயிறு வாங்காது.
ஆக, மாத்திரையோடு காத்திருக்கிறேன்,
கடன்காரன் கதவைத் தட்டட்டும் என்று
பணத்தோடு நிற்பவள்போல.

தட்டுகிறான்.

பி.எஸ்சி. இரண்டாம் வருஷம் வரைந்த படம்தான்:
ஆறு மூலை வளையம்,
அதன் தோளோடு ஒட்டிய ஐந்து மூலை வளையம்,
ஒரு மூலையில் நைட்ரஜன்.
இண்டோல்.
செரட்டோனினுக்கும் இதே எலும்புக்கூடு.
அதனால்தான் அது உட்காரவேண்டிய இடத்தில்
இது ஜன்னல் வழியாகத் துண்டு போட்டுவிடுகிறது.
நாளத்தில் ஒரு சீட்டு,
நரம்பு முனையில் ஒரு சீட்டு.
வீங்கிய நாளம் சுருங்கும்.
நரம்பு கத்துவதைக் குறைத்துக்கொள்ளும்.

மல்லியிலும் இண்டோல் உண்டு,
கொஞ்சமாக இருப்பதால் மணம்.
அதுவே அதிகமானால் பக்கிங்ஹாம் கால்வாய்.
மாத்திரையின் ஒரு கையில் கந்தகம்:
நாளெல்லாம் நாங்கள் டீசலிலிருந்து விரட்டுகிற அதே கந்தகம்.
மறு கையில் ஓர் அமீன்,
காசிமேட்டு ஏல வாடைக்கு ஒன்றுவிட்ட தங்கை.
எங்கள் பக்கத்து நாற்றம் அத்தனையும்
ஐம்பது மில்லிகிராமில் மடித்து வைத்திருக்கிறார்கள்.
விழுங்கினால் வாசனையே இல்லை.

தங்கையின் நிச்சயத்தில் நான் பூ வைக்கவில்லை.
மல்லி பக்கத்தில் வந்தாலே
இடது பொட்டில் ஆணி இறங்கும்.
"என்ன துக்கம் இவளுக்கு" என்றாள் சித்தி.
மூளை உறையில், சித்தி, என்றேன்.
மேளத்தில் கேட்கவில்லை.

பதினைந்தாம் நிமிடம் கழுத்தை யாரோ பிடிப்பார்கள்.
நெஞ்சின்மேல் ஒரு சிமெண்ட் மூட்டை.
முதல் தடவை செத்தேன் என்று நினைத்து
எஸ்தரின் கையில் நகம் பதித்தேன்.
ஈசிஜியில் ஒன்றுமில்லை.
தழும்பு அவளிடம் இன்னும் இருக்கிறது,
சம்பளநாளில் காட்டி பிரியாணி கேட்பாள்.

மாதத்தில் பத்து நாளைத் தொடக்கூடாது.
தொட்டால் மாத்திரையே தலைவலியாகிவிடும்,
பிறகு எதை எதற்குப் போடுவது?
காலண்டரில் வட்டம் போடுகிறேன்.
இன்று தேதி பதினெட்டு, இது எட்டாவது.

ரெக்கார்டு ரூமில் விளக்கணைத்துப் படுத்திருக்கிறேன்.
எண்ணூர் சாலையில் கண்டெய்னர்கள்
ஒன்றன் வாலை ஒன்று முட்டி ஹாரன் அடிக்கின்றன.
முன்பு ஒவ்வொரு ஹாரனும் எனக்குள் அடித்தது.
இப்போது சாலையில்தான் அடிக்கிறது.
கதவிடுக்கில் எஸ்தர்:
"எட்டு புள்ளி நாலு. பத்துக்குள்ளதான், பாஸ்."
டீசலைச் சொல்கிறாள் என்று புரிய
ஒரு நொடி ஆகிறது.