கண்ணடி

இரவு இரண்டே காலுக்குப் போன்.
பால் கம்பெனி சிக்னல், ஏழாம் கம்பம்,
மறுபடியும் பெயிண்ட்.
ஏணி, தின்னர், கிழிந்த பனியன்.
ஜுபைல் கடல் ஈரம் பிசுபிசுக்கும்
பிக்கப் கதவு.

போன வாரம் கறுப்பு.
அதற்கு முன்னால் யாரோ
தன் தலைத்துண்டையே கழற்றி
கேமராவுக்குக் கண் கட்டிவிட்டுப் போயிருந்தார்.
சிவப்புக் கட்டம் போட்ட, விலை கூடின துண்டு.
அத்தனை கோபத்திலும் முடிச்சு ஒழுங்கு.
அவிழ்க்கவே கால் மணி நேரம்.

இன்றைக்குப் பச்சை.
சிவப்பு பார்க்கும் கண்ணில் பச்சை அடித்தவனை
எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்பார்கள்.
இந்தக் கம்பம் கல்லடி வாங்கி
கண்ணடி கொடுக்கிறது.
கூண்டின் இடப்பக்கம் நான்கு பள்ளம்.
ஐந்தாவது துப்பாக்கியாக இருக்கும் என்றார் எகிப்து இன்ஜினியர்,
சொல்லிவிட்டுச் சொல்லாத மாதிரி
டீ குடித்தார்.

அறையில் பெலவேந்திரன் என்னோடு பேசுவதில்லை.
தண்ணி டேங்கர் ஓட்டுகிறான்.
மூவாயிரம் ரியால் அபராதம்,
இரண்டு மாதச் சம்பளம்.
முப்பது டன் தண்ணீர்
பிரேக் மிதித்த பிறகும்
போய்க்கொண்டே இருக்கும், தெரியுமா என்று
சுவரைப் பார்த்துக் கேட்டான் கடைசியாக.
கார்க்காரனுக்கு அது மஞ்சள்,
எனக்கு அதுவே சிவப்பு.

நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன்,
ஏணி மேலிருந்து, யாருக்கும் தெரியாமல்.
ஒன்று.
இரண்டு.
மூன்றின் 'று' வாய்க்குள் இருக்கும்போதே
விழுந்துவிடுகிறது.

ஊர்ப் பெரிய மனிதர்களுக்கும் பொறுக்கவில்லை.
அபு நாயிஃபுக்கு ஒரே மாதத்தில் பதினொன்று
(ஓட்டியது மகன்).
மஜ்லிஸில் கூடி, பேரீச்சம்பழம் தின்று,
கம்பத்தை எடுக்கச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள்.
எழுபது கையெழுத்து.
வாசலில் செருப்புகளோடு நின்று கேட்ட
வீட்டு டிரைவர் சதக்கத்துல்லா வந்து சொன்னான்.
நாமும் போடலாமா என்றான் பெலவேந்திரன்.
சதக்கத்துல்லா சிரித்த சிரிப்பில்
மேல் கட்டில்காரன் எழுந்துவிட்டான்.

நான் சிரிக்கவில்லை.
கம்பம் வருவதற்கு முன்னால் இதே முனையில்
தீப் பகதூர் சைக்கிளில் கடந்தான்,
கேன்டீனில் சப்பாத்தி போடுகிறவன்.
அவன் பக்கம் பச்சைதான் எரிந்தது.
மாவு காய்ந்த ஒற்றைச் செருப்பு
மூன்று நாள் டிவைடரில் கிடந்தது.
இடித்த வண்டியைப் பார்த்த கண்
ஒன்றுகூட இல்லை.

இதைச் சொன்னபோதுதான் பெலவேந்திரன்
பேச்சை நிறுத்தினான்.
அவன் வேற, நான் வேற, என்றான்.
உண்மைதான்.
கம்பத்துக்கு அது தெரியாது.

மூன்றரை.
பச்சை கரைந்து முழங்கை வரை வழிகிறது.
அரபியில் இதன் பெயருக்கு
விழித்திருப்பவன் என்று அர்த்தம்.
நானும்தான் விழித்திருக்கிறேன்,
ஓவர்டைம்கூடக் கிடையாது.

லென்ஸ் ஓரத்தில் நகக்கண் அளவு பெயிண்ட் மிச்சம்.
விட்டுவிடலாமா என்று
ஒரு மஞ்சள் நேரம் யோசித்தேன்.
துடைத்தேன்.

இன்ஜினியர் போனில் சொன்னார்:
வேலை செய்கிறதா பார்.
சிவப்பில் ஒரு தடவை கடந்து வா.
அப்புறம் ரத்து செய்துவிடலாம், இன்ஷா அல்லாஹ்.

சாலையில் ஒரு பூனைகூட இல்லை.
பதினாறு வருடத்தில் முதல் தடவை
சிவப்பைப் பார்த்துக்கொண்டே ஆக்ஸிலேட்டரை மிதித்தேன்.
மின்னல் வெட்டியது.
வாய்விட்டுக் கத்தினேன் என்று நினைக்கிறேன்,
என்னவென்று ஞாபகமில்லை.

இருபது நாள் கழித்து மெசேஜ்.
ரத்து செய்ய வேண்டியவர்
லீவில், மன்சூராவில், போனை எடுக்காமல்.

பெலவேந்திரன் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி
படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினான்.
ஐந்து வாரத்துக்குப் பிறகு முதல் பேச்சு:
மூஞ்சி என்னமா விழுந்திருக்குடா.
நல்லாத்தான் தொடச்சிருக்கே.