ஐந்து மீட்டருக்கு ஒரு பை

முட்டத்துப் பாறையில் எண்ணெய் இல்லை.
அதை நான் எங்கு வேண்டுமானாலும் எழுதித் தருவேன்.
கலங்கரை விளக்கின் கீழே அலை அறைகிற கருங்கல்
பூமியின் அடிவயிற்றில் ஒருமுறை முழுக்க வெந்தது.
உயிரென்று ஏதும் இருந்திருந்தாலும்
அப்போதே தீர்ந்திருக்கும்.

கதை தெற்கே, தண்ணீருக்கடியில்.
ஒன்றாயிருந்த நிலம் இழுபட்டு, மெலிந்து,
நடுவில் தொய்ந்து, படிப்படியாய்ச் சரிந்தது.
பள்ளத்தில் ஏரி கட்டியது.
பாசி செத்து அடியில் இறங்கியது,
காற்றுப் புகாத கரிய சேறாக.
அதன்மேல் ஆறு மணல் கொட்டியது.
பிளவு அகன்று ஒருநாள் கடல் உள்ளே வந்தது
(ஒருநாள் என்றால் சில லட்சம் வருடம்)
மணலைக் களிமண்ணால் மூடியது.

இருபத்தெட்டு நாள் கப்பல், இருபத்தெட்டு நாள் ஊர்.
துளையிலிருந்து ஏறிவரும் கல்நொறுங்கை
ஐந்து மீட்டருக்கு ஒரு பையாக
அலசி, காயவைத்து, பெயரெழுதுவது என் வேலை.
பிறகு இருட்டறை, ஊதா விளக்கு.
எண்ணெய் இருந்தால் மின்னும்.

மூவாயிரத்து நூற்று நாற்பதில் மின்னியது.
பொன்மஞ்சள்.
இரவு இரண்டரை மணிக்கு
என்னைத் தவிர யாருக்கும் தெரியாத மஞ்சள்.
கரைப்பான் ஒரு சொட்டு விட்டேன்,
கையை மேசையில் ஊன்றிக்கொண்டு.
குழாய் மூட்டுக்குத் தடவிய கிரீஸ்.

விடுப்பில் வந்தபோது பங்கு மண்டபத்தில் கூட்டம்.
கிளீட்டஸ் எழுந்தான், விசைப்படகு ஓட்டுகிறவன்,
ஆறாம் வகுப்பில் என் பென்சிலை ஒடித்தவன்.
"எடி பெல்சியா, எண்ணெ உண்டா, இல்லியா?
ஒத்த வார்த்தையில சொல்லு."

ஒற்றை வார்த்தை என்னிடம் இல்லை.
வேகாத சேறு ஒன்றும் தராது என்றேன்.
கூடுதலாய் வெந்தால் வாயு.
பக்குவமாய் வெந்து எண்ணெய் கிளம்பினாலும்
தங்க மணல் வேண்டும், மேலே மூடி வேண்டும்,
கிளம்புவதற்கு முன்பே மூடி விழுந்திருக்க வேண்டும்.
பிந்தினால் எல்லாம் கடலோடு போயிருக்கும்,
நாம் பிறப்பதற்கு ஆறு கோடி வருடம் முன்பு.

"அப்போ தெரியாது."
"தெரியாது."
"தெரியாமலா தொளைக்கிய?"

யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.
மடியிலிருந்து ஈயக்கட்டி ஒன்றை எடுத்தான்.
அடிக்குழியில் சோப்பு அப்பியிருந்தது,
சோப்பில் ஒட்டிய கடலடி மணல்.
"கருவியெல்லாம் எங்கிட்டயும் உண்டு.
மடை எதுன்னு எனக்கு இந்த மணலு சொல்லணும்.
நாங்க எடுக்கது நகக்கண்ணு அளவு.
நீ எடுத்தா அந்த எடத்துல மீனு நிக்குமா?
அத ஒன் படிவத்துல எங்க எழுதுவ?"

எழுத இடமில்லை.
அந்தப் படிவம் எனக்கு மனப்பாடம்.

கூட்டம் கலைந்ததும் சோப்பைத் தோண்டித் தந்தான்.
கேட்டது நான்தான். எதற்கென்று அவன் கேட்கவில்லை.

கப்பலில், முதல் இரவுப் பணியில்,
அதை ஊதா விளக்கின் கீழ் வைத்தேன்.
மணல் இருட்டாகவே கிடந்தது.
நடுவில் கடுகளவு கிளிஞ்சல் துணுக்கு ஒன்று
வெண்நீலமாய் எரிந்தது,
கண்ணை எடுக்க முடியாதபடி.

இதற்குப் படிவத்தில் கட்டம் உண்டு:
கனிம ஒளிர்வு. பொருட்படுத்தத் தேவையில்லை.

வெறும் பை ஒன்று எடுத்தேன்.
ஆழம் என்ற இடத்தில்
மீட்டரை அடித்துவிட்டு எழுதினேன்:
முப்பத்தொன்பது பாகம்.