ஆயுள் எண்ணெய்

சர்வீஸ் பணத்துக்குப் பதிலாக
முதலாளி சாவியைக் கொடுத்தார்.
இரண்டாயிரத்து மூன்றாம் வருடத்துப் பென்ஸ்,
எஸ் முந்நூற்றைம்பது, கறுப்பு.
பத்தொன்பது வருடக் கணக்கை
நானே எழுதி, நானே கூட்டி,
நானே நேர்செய்தேன்:
பற்று, ஒரு கார்.
வரவு, நான்.

முல்கியா முடிய ஒன்பது நாள்.
ராத்திரி நிறுத்தினால் விடிவதற்குள்
இடது முன்பக்கம் தரையோடு குந்தியிருக்கும்.
ஸ்டார்ட் செய்தால் பெருமூச்சு விட்டு
மெல்ல எழும்பும்,
அடுத்தவன் அலாரத்துக்கு எழுகிற
பெட்ஸ்பேஸ்காரன் மாதிரி.

சார்ஜா சனையாவில் டயர்க்கடை.
ஜிதேஷ் மூன்றைச் சுவரில் சாய்த்து வைத்தான்.
சீனா நூற்றெண்பது. கொரியா முந்நூற்றிருபது.
ஜெர்மனி, ஒன்றுக்கே அறுநூற்றைம்பது,
"உங்களுக்கு நானூறு."
தடவினேன். புது ரப்பரின் மயிர்முளைகள்
உள்ளங்கையில் குறுகுறுத்தன.
குனிந்து பக்கச்சுவரில்
அந்த நான்கு எண்ணைத் தேடிப் படித்தேன்:
நாற்பத்திரண்டாம் வாரம், பத்தொன்பது.
ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல்
ஏசி இல்லாத ஏதோ குடோனில்
ஐந்து கோடையை நின்றே கழித்திருக்கிறது.
"இது கிழவனாயிட்டே" என்றேன்.
"அதுக்குத்தானே சேட்டா டிஸ்கவுண்ட்."

பிறகு கேட்டான்,
எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான்:
"எத்தனை காலம் ஓட்டணும்?"

விசா ரத்தாகி முப்பத்தொரு நாள்.
விற்றுவிட்டுப் போகிறவனுக்குச் சீனா போதும்.
இருக்கப் போகிறவன்
புதுத் தேதி போட்ட ஜெர்மனி கேட்கலாம்.
கொரியா என்று சொல்லிவிட்டு
டீ குடிக்கப் போனேன்.

எதிர்ச் சந்தில் ஷேர் ஜமானின் கராஜ்.
எஞ்சின் ஆயில் எட்டு லிட்டர், அதில் பேச்சில்லை.
ரேடியேட்டரிலிருந்து துருத்தண்ணி வந்தது.
பிரேக் ஆயிலில் ஒரு சின்ன மீட்டரை முக்கிக் காட்டினான்:
சிவப்பு விளக்கு.
யாரும் மூடியைத் திறக்கவில்லை,
இந்தக் கடலோரக் காற்றிலிருந்து
அதுவே தண்ணீரை இழுத்துக் குடித்திருக்கிறது.
அவசரத்துக்கு மிதித்தால் உள்ளே கொதிக்கும்,
பெடல் சும்மா கீழே போகும் என்றான்.

கியர் ஆயிலுக்கு வந்ததும்
கையைத் துடைத்துக்கொண்டு நின்றுவிட்டான்.
ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று
கம்பெனி சொல்லியிருந்ததாம்.
யாருடைய ஆயுள் என்று சொல்லவில்லையாம்.
"பழைய அழுக்கைப் பிடிச்சுத்தான் கிளட்ச் நிக்குது.
மாத்தினா வழுக்கலாம்.
மாத்தாட்டி, என்னைக்கோ எப்படியும் வழுக்கும்."

மாற்றியாகிவிட்டது என்றேன்.
பதினாலு, மார்ச்.
ஆயிரத்து நூற்றைம்பது திர்ஹம்.
டிரைவர் கனிராவுத்தர் பில் கொண்டுவந்தார்,
நான் கையெழுத்துப் போட்டேன்.
வவுச்சர் நம்பர்கூடச் சொல்வேன்.

அவன் ஒன்றும் சொல்லாமல்
அடித்தட்டைக் கழற்றினான்.
தார். காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு.
ஃபில்டரில் தொழிற்சாலை அச்சடித்த தேதி
அப்படியே இருந்தது: இரண்டாயிரத்து மூன்று.

விரலில் தொட்டு மோந்தேன். கருகல்.
அந்த மார்ச்சில் கனிராவுத்தர்
மேலப்பாளையத்துக்கு ஏன் அப்படி ஓடினார் என்று
நான் கேட்டதில்லை.
முதலாளி ஊரில் இல்லாத நாள்.
ஏர்போர்ட்டுக்கு இதே காரில்தான் போனார்,
பின்சீட்டில், பையை மடியில் வைத்துக்கொண்டு.
ஓட்டியது நான்.

வடிந்தது பாதிதான்.
மீதி கன்வர்ட்டருக்குள் நிற்கிறது,
அதையும் எடுக்கவா என்றான் ஷேர் ஜமான்.
இருக்கட்டும் என்றேன்.

சாயங்காலம் ரவுண்டபௌட் வரை ஓட்டினேன்.
இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகுமுன்
ஒரு யோசனை.
பிறகு ஏற்றுக்கொண்டது.

காசை எண்ணிக் கொடுத்தேன்.
கார்பன் தாள் வைத்த பில் புத்தகத்தைப் பிரித்து,
பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி,
எல்லா டிரைவர்களிடமும் கேட்கிற குரலில்
கேட்டான்:
"எவ்வளவுன்னு போடட்டும்?"