பத்து அசை

சௌராஸ்தா மாடியில் நான்கு வெள்ளிக்கு வாங்கினேன்,
இங்கிலீஷில் செய்யுள் கட்டக் கற்பிக்கும் பழம்புத்தகம்.
முதல் தாளில் ஊதா மசி:
ம. அமிர்தவாசகம், சுங்க இலாகா, பினாங்கு, 1911.

அடிக்குப் பத்து அசை என்கிறது புத்தகம்,
ஒன்று மெலிய, ஒன்று அழுந்த.
இவர் ஓரத்தில் பென்சிலால்
நேர், நிரை என்று வாய்பாடு போட்டுப் பார்த்து
அடித்திருக்கிறார். பிடிபடவில்லை.

எதுகை தலையில் அல்லவா நிற்கும்,
வாலில் கட்டச் சொல்கிறானே
என்று எழுபதாம் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு.

காதலிக்கு முறையீடு: நான்கு முயற்சி.
நான்கிலும் ஓரசை மிச்சம், இல்லையேல் குறை.
வசந்தத்தைப் பாடத் தொடங்கி
'மழை' என்று எழுதி நிறுத்திவிட்டார்.

பின்னட்டையின் உட்புறம்,
வண்ணான் கணக்குக்குக் கீழே, தமிழ் எழுத்தில்:
ஐ ஓ த செட்டி செவன் டாலர்ஸ் மோர்.

பட்டர்வொர்த் ஃபெரியில் நின்றபடி
விரல்விட்டு எண்ணினேன்.
பத்து.
ஒன்றுவிட்டு ஒன்று
பிசகாமல் அழுந்துகிறது.

அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.
பக்கத்தில் வட்டியைக் கூட்டியிருக்கிறார்,
அதில் ஒரு காசு உதைக்கிறது.