இரண்டு அர்ச்சின், நாலு பென்ஸ்

ஆல்டர்காட் தேவாலயத்தின் கணக்குப் புத்தகம்,
ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தொன்று.
ஆட்டுத்தோல் அட்டை, எலி கடித்த ஓரம்.
ஹெரஃபோர்டு ஆவணக் காப்பகத்தில்
ஹீட்டர் ஓடாத பிப்ரவரியில்
அதை வரிவரியாகக் கணினியில் ஏற்றும் வேலை எனக்கு.
ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஒரு கட்டம் கேட்கும் திரை:
மனிதரா, விலங்கா, செடியா, கருவியா, மதமா?
மணிக்குப் பன்னிரண்டு பவுண்டு.
யோசிப்பதற்குத் தனியாகக் கிடையாது.

வேலிக்கம்பு அடிக்க வாங்கிய பீட்டிலை
விலங்கில் போட்டேன், வண்டுதானே என்று.
அது மரச்சுத்தியல்.
பாதிரியார் மயங்கி விழுந்தபோது முகரக் கொடுத்த
'மான்கொம்பின் ஆவி'யை
மதத்தில் போட்டேன்.
அது புட்டியில் அடைத்த நவச்சார நெடி.
கல்லறைத் தோட்டத்தில்
பிஷப் களை பிடுங்கக் கூலி மூன்று பென்ஸ்.
பாவம், பிஷப்பை மனிதரில் சேர்த்தேன்.
மோல்ட்வார்ப் என்றொரு சொல் வந்தது,
ஆயுதம்போல் ஒலித்தது, கருவியில் தள்ளினேன்.
மண்ணை வாரி எறிவது என்று பொருளாம்,
புல்வெளிக்கு அடியில் குருட்டுக் கண்ணோடு வாழும் அகழெலிக்கு.
எவ்வளவு பொருத்தமான பெயர்.
ஏன் விட்டுவிட்டார்கள் இதை?

சொல்லுக்கு வயதானால் நரைப்பதில்லை.
அதே எழுத்து, அதே ஓசை, அதே வாசல்;
உள்ளே குடியிருந்தவர் மட்டும் மாறியிருப்பார்.
கதவைத் தட்டி உரிமையாய்ப் பேசிவிட்டு
அசடு வழிவது நாம்தான்.

அர்ச்சினும் அப்படித்தான்.
அர்ச்சின் என்றால் எங்களுக்கு
சட்டைக்கையால் மூக்கைத் துடைக்கும் தெருப்பையன்.
மனிதர் என்று போட்டேன், முப்பத்தேழு தடவை.
'கொன்று கொண்டுவந்த அர்ச்சின் இரண்டுக்கு, நாலு பென்ஸ்.'
கை நடுங்கவில்லை.
மணி மூன்று, தேநீர் நினைப்பு.

செவ்வாயன்று அட்டவணை பொதுப் பார்வைக்குப் போனது.
புதனன்று செய்தித்தாளிலிருந்து க்ளைவ் ஹாட்ஜெட்ஸ் அழைத்தார்:
"ஒரே ஆண்டில் முப்பத்தேழு குழந்தைகளைத்
தேவாலயமே காசு கொடுத்துக் கொன்றதா?"
குரலில் அதிர்ச்சி இருந்தது,
அதற்கடியில் கொஞ்சம் நாவூறலும்.

என் மேலதிகாரி டெலித் ப்ராபர்ட்
சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.
முள்ளெலி. அந்தக் காலத்து அர்ச்சின் முள்ளெலி.
இரவில் படுத்திருக்கும் பசுவின் மடியில் வாய்வைத்துப்
பாலைக் குடித்துவிடும் என்று அதன்மேல் பழி.
தலைக்கு இரண்டு பென்ஸ்.
ஹாட்ஜெட்ஸிடம் சொன்னேன்.
"ஓ" என்றார்.
ஏமாந்த ஓ.

திருத்த உட்கார்ந்தேன், முப்பத்தேழையும்.
இந்த முறை கொண்டுவந்தவர்களின் பெயரும் கண்ணில் பட்டது.
இருபத்திரண்டு, 'கிட்டின்ஸ் பையன்' கொண்டுவந்தவை.
முதற்பெயர் எழுதவில்லை.
மே மாதம் மூன்று. ஜூனில் ஐந்து.
ஜூலையில் ஒரே நாளில் நான்கு,
விரலெல்லாம் முள் தைத்திருக்கும்.
சாக்கில் அர்ச்சினைச் சுமந்துவந்த அர்ச்சின்:
சொல்லின் இரண்டு குடித்தனக்காரரும்
ஒருமுறை ஒன்றாய் வந்து நின்றிருக்கிறார்கள்.
எழுத்தர் பெங்க்ரி நிமிராமல் காசை எண்ணி வைத்திருப்பார்.

அக்டோபர் கடைசியில் முள்ளெலிகள் தூங்கப் போய்விடும்.
பக்கங்களில் மெழுகுவத்தி, மணிக்கயிறு, கூரைக்கு ஈயம்.
டிசம்பர் ஒன்பது:
'கிட்டின்ஸ் பையனுக்குப் பெட்டி, இரண்டு ஷில்லிங்.
குழி தோண்டியவனுக்கு பியர், நாலு பென்ஸ்.'

பெட்டி. பையன். குழி. பியர்.
இருநூற்றெண்பது ஆண்டுகளில்
ஒன்றுக்கும் பொருள் மாறவில்லை.
அகராதி எதையும் புரட்ட வேண்டியிருக்கவில்லை.

ஹாட்ஜெட்ஸின் எண் மேசையில், மஞ்சள் தாளில்.
அதைக் கிழித்துப் போட்டேன்.
திரை இன்னும் கேட்கிறது, பெட்டி எந்தக் கட்டம் என்று.
கருவி என்று அடித்தேன்.
அழித்தேன்.
விளக்கை அணைக்கலாமா என்று டெலித் கேட்டாள்.