கலத்தின் இலக்கம்

ஏழாம் கேள்வி: மீன்பிடிக் கலத்தின் வகை.
எட்டு: கலத்தின் இலக்கம்.
ஒன்பது: இயந்திர வலு.
கொழும்பில் அச்சாகி, கச்சேரிக்கு வந்து,
என் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் மடிந்து
கிண்ணியா தாண்டி உப்பாற்றங்கரை வரை வந்துவிட்டது படிவம்.
உப்புக்காற்றில் ஓரங்கள் நமுத்துப்போயிருந்தன.

வற்றுத் தண்ணீர் நேரம்.
இடுப்பளவு நீரிலிருந்து ஏறிவந்தாள் ஜெஸீமா.
இடுப்பில் நைலோன் கயிறு.
கயிற்றின் மறுமுனையில்
அடம்பிடிக்கும் பிள்ளைபோல் இழுபட்டு வந்தது
ஓர் அலுமினியச் சட்டி, முக்கால்வாசி மட்டி.

"கலம் இருக்கா?" என்றேன்.
வேலைக்குச் சேர்ந்து பதினொரு மாதம்.
வேறெப்படிக் கேட்பதென்று எனக்குத் தெரியாது.

"இருக்கே."
மட்டியைச் சாக்கில் கொட்டிவிட்டுச்
சட்டியைக் கவிழ்த்துக் காட்டினாள்.
அடியில் ஒரு நெளிவு,
ஒரு பொத்தலுக்குத் தார் அடைத்திருந்தாள்,
வள்ளத்துக்கு அடைப்பது போலவே.

பிழை சொல்ல முடியவில்லை.
கடலில் போவதும் கலம், உலையில் ஏறுவதும் கலம்.
தமிழ் இரண்டையும் ஒரே முளையில்தான் கட்டியிருக்கிறது,
அவிழ்த்துப் பிரித்தது எங்கள் திணைக்களம்.

எழுதினேன். வகை: அலுமினியச் சட்டி.
இலக்கம்: இல்லை.
இயந்திர வலு?
"ரெண்டு முழங்கால், சேர். அதில ஒண்டுக்குச் சுகமில்ல."
அதையும் எழுதினேன்.

அன்று முப்பத்தெட்டுப் பெண்கள், முப்பத்தெட்டுச் சட்டிகள்.
வாடை மாதம் ஆறு கலங்கிச் சேறாய் ஓடிய மூன்று கிழமையும்
வள்ளக்காரர் வீடுகளுக்கு அரிசி வந்ததாம், பருப்பு வந்ததாம்.
இவர்களைக் கேட்டார்களாம்:
கடலுக்கே போகாத உங்களுக்கு
கடல் மூடினால் என்ன நட்டம்?
இதைச் சொல்லும்போது ஒருத்தி சிரித்தாள்.
மற்றவர்கள் கால்விரலில் ஓடு கிழித்த இடங்களை
ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஏழாவது கிழமை திரும்பி வந்தது கட்டு.
முதற் தாளில் சிவப்பு வட்டம், அதற்குள் முழங்கால்.
இதயராசா சேர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்:
"தம்பி, கவிதை எழுதவா அரசாங்கம் சம்பளம் தருது?"

இல்லை, சேர்.
பெருக்கல் கணக்கு ஒன்று வைத்திருந்தேன்,
சட்டிக்கு எத்தனை கொத்து, ஆண்டுக்கு எத்தனை நாள்,
மணல் வள்ளம் கிண்டிய பிறகு எவ்வளவு குறைந்தது.
கொடுத்தேன். இழுப்பறைக்குள் வைத்தார்.
பூட்டவில்லை, அதைக் கவனித்தேன்.

அடுத்த முறை போனபோது
சட்டிகள் எல்லாவற்றிலும் நீலப் பெயின்ற்,
யாரோ வள்ளத்துக்குப் பூசி மிஞ்சியது.
உப்பாறு 3. உப்பாறு 22. உப்பாறு 7.
இன்னுமொரு உப்பாறு 7: இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.
ஜெஸீமாவுடையது 14.
"ஏன் பதினாலு?"
"மொத மொதல்ல தண்ணில எறங்கின வயசு."
"யார் எழுதச் சொன்னது?"
"நீங்கதானே சேர், இலக்கம் இல்ல எண்டு எழுதினீங்க."

இந்த வருடம் புதிய படிவம்.
7(அ) என்று ஒரு வரி கூடியிருக்கிறது,
அரை அங்குல அகலம்:
கலம் இல்லாதோர்.
இதயராசா சேர் எத்தனை கடிதம் போட்டார் என்பது
அவர் சொல்லாததால் எனக்குத் தெரியாது.
நிவாரணம் உண்டு. காப்புறுதியும் பாதி உண்டு.
ஓடிவந்து சொன்னேன், மூச்சு வாங்க.

ஜெஸீமா படிவத்தை ஈரக்கையால் வாங்கி,
எழுத்துக் கூட்டி வாசித்து,
திருப்பித் தந்தாள்.

"எனக்குக் கலம் இருக்கே.
இல்லாதவங்கட பக்கத்தில ஏன் போடுறீங்க?"

தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது.
கயிற்றை இறுக்கிக்கொண்டு இறங்கினாள்.
பின்னால் ஆடி ஆடிப் போனது பதினான்கு.
நான் பேனையைத் திறந்தபடி நிற்கிறேன்,
ஏழாம் கேள்விக்கும் ஏழு அ-வுக்கும் நடுவில்.